நிரைகள் எத்தனை?

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

இணையதளம் ஒன்றைத் திறந்தவுடன் நம் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் ஓர் எண்தான். "மொத்த விண்ணப்பங்கள் 412", "காலியிடங்கள் 7", "தேடியதற்குக் கிடைத்தவை 38" என்றெல்லாம் பக்கத்தின் தலையில் எழுதியிருக்கும். கணிப்பொறி சொன்ன எண் ஆயிற்றே என்று நாமும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். கணிப்பொறி எண்ணுவதில் தவறு செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் எதை எண்ண வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பவர் ஒரு மனிதர். அவர் கேட்க நினைத்தது ஒன்றும், கேட்டது வேறொன்றுமாக இருந்தால், வருகின்ற விடை கணக்கில் சரியாகவும் செய்தியில் பொய்யாகவும் இருக்கும். அத்தகைய இடங்கள் எவை, அவற்றை எவ்வாறு கண்டுகொள்வது என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன். பிற துறை நண்பர்களும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வகுப்பினர் பொறுத்தருள்க.

அட்டவணையும் வினாவும்

இணையதளத்திற்குப் பின்னால் இருக்கும் செய்திகள் பெரும்பாலும் அட்டவணைகளாகவே சேமித்து வைக்கப்படுகின்றன. இம்முறைக்கு வித்திட்டவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இவர், 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், செய்திகளைக் கணிதத்தின் கண முறைப்படி அட்டவணைகளாக அமைக்கலாம் என்று காட்டினார். 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவரும் அவ்வட்டவணைகளிடம் வினாத் தொடுக்க ஒரு மொழியை வகுத்தனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகிறது.

நாம் கணிதத்தில் அணிகளைப் பயின்றபோது கிடைவாக இருப்பது நிரை, செங்குத்தாக இருப்பது நிரல் என்று கற்றோம் அல்லவா? அச்சொற்களையே இங்கும் பயன்படுத்துகிறேன். ஒரு மாணவருக்கு ஒரு நிரை. அவருடைய துறை, தந்தையின் கல்வி, வங்கிக் கணக்கு எண் முதலியன நிரல்கள்.

நாம் பார்க்கும் பக்கத்திற்கும் இவ்வட்டவணைக்கும் நடுவில் ஒரு புரோகிராம் இருக்கிறது. பி.எச்.பி. என்னும் மொழியில் அதனை எழுதுவது பெருவழக்கு. தரவுத்தளமாக மைஎஸ்கியூஎல் இருப்பதும் பெருவழக்கு. இவ்விரண்டையும் கொண்டே விளக்குகிறேன். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்.

எடுத்துக்காட்டாக, 'மாணவர்' என்று ஓர் அட்டவணையைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 10 நிரைகள்: தமிழ்த் துறையில் 3 பேர், கணிதத்தில் 3, தாவரவியலில் 2, வேதியியலில் 2. 'தந்தை கல்வி' என்னும் நிரலில் 2 பேருக்குப் 'பட்டம்' என்றும், 5 பேருக்குப் 'பள்ளி' என்றும் இருக்கிறது. மீதி 3 பேருக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. இந்தப் பத்துப் பேரையும் நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் விளங்கிவிடும்.

சீட்டை எண்ணுவதா, சீட்டில் உள்ளதைப் படிப்பதா?

நிரைகளின் எண்ணிக்கையை அறிய இரண்டு வழிகள் உள்ளன. 'செலக்ட் * ஃப்ரம் மாணவர்' என்று எல்லா நிரைகளையும் வரவழைத்து, வந்தவை எத்தனை என்று புரோகிராமிலேயே எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. 'செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் மாணவர்' என்று தரவுத்தளத்தையே எண்ணச் சொல்லி, விடையை மட்டும் பெறுவது மற்றொரு வழி. பத்து நிரைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். பத்து இலட்சம் நிரைகளுக்கு முதல் வழியைக் கையாண்டால், ஓர் எண்ணை அறிவதற்காக அத்தனை நிரைகளும் கம்பி வழியே பயணம் செய்து நினைவகத்தில் வந்து குவியும். கிடங்கில் எத்தனை மூட்டை உள்ளது என்று அறிய அத்தனையையும் வீட்டுக்கு ஏற்றி வந்து எண்ணுவதற்கு ஒப்பாகும் இது.

இவ்விரு வழிகளையும் கலந்துவிடுவதுதான் ஆய்வகத்தில் அடிக்கடி காணப்படும் கோளாறு. கவுண்ட்(*) என்று கேட்டுவிட்டு, வந்த விடையில் எத்தனை நிரைகள் என்று பார்த்தால் எப்போதும் 1 என்றே வரும். மாணவர் பத்துப் பேராயினும் பதினாயிரம் பேராயினும் அதே 1-தான். காரணம், '10' என்று எழுதிய ஒற்றைச் சீட்டைத் தரவுத்தளம் அனுப்பியிருக்கிறது. நாம் சீட்டைப் படிக்காமல் சீட்டுகளை எண்ணுகிறோம். ஒரு மாணவர்கூட இல்லாதபோதும் '0' என்று எழுதிய சீட்டு ஒன்று வரும். "நிரை வந்திருக்கிறது, ஆகவே அப்பயனர் பெயர் இருக்கிறது" என்று முடிவு செய்யும் புரோகிராம், யார் எந்தப் பெயரைத் தட்டினாலும் "இப்பெயர் ஏற்கெனவே உள்ளது" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

முதல் வழியிலும் ஒரு நுட்பம் உண்டு. பி.எச்.பி.யில் மைஎஸ்கியூஎல்ஐ என்னும் இணைப்பு முறை, இயல்பாக எல்லா நிரைகளையும் ஒருசேரப் பெற்று வைத்துக்கொள்வதால் 'நம் ரோஸ்' என்று கேட்டவுடன் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் நிரைகளை ஒவ்வொன்றாகப் பெறும் முறையில் அமைத்துவிட்டால், கடைசி நிரை வந்து சேரும்வரை அது 0 என்றே சொல்லும். பி.டி.ஓ. என்னும் மற்றோர் இணைப்பு முறையில் 'ரோ கவுண்ட்' என்று ஒன்று உண்டு. பெயரைக் கண்டு மயங்கலாகாது. அது நிரைகளை மாற்றும், சேர்க்கும், நீக்கும் கட்டளைகளுக்காக ஏற்பட்டது. செலக்ட் கட்டளைக்கு அது சரியான எண்ணைத் தரும் என்பதற்கு உறுதியில்லை என்று பி.எச்.பி. கையேடே கூறுகிறது. மைஎஸ்கியூஎல்லில் பெரும்பாலும் சரியாக வரும். அதே புரோகிராமை எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்துடன் இணைத்தால் 0 வந்து நிற்கும். வீட்டுக் கணிப்பொறியில் ஓடிய புரோகிராம் வேறிடத்தில் ஓடவில்லை என்னும் புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

நூலகத்து நூல்கள் சிலவற்றில் 'மைஎஸ்கியூஎல் நம் ரோஸ்' என்னும் பழைய கட்டளையே பாடமாக இருக்கிறது. 2015-இல் வெளிவந்த பி.எச்.பி. 7-லிருந்து அது அறவே நீக்கப்பட்டுவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் அதனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு பழைய வழக்கமும் சொல்லத்தக்கது. வினாவில் எழுத்துப் பிழை இருந்து தரவுத்தளம் மறுத்துவிட்டால், விடைக்குப் பதிலாகப் 'பொய்' என்னும் மதிப்பு திரும்பி வரும். அதனைப் பி.எச்.பி.யின் 'கவுண்ட்' என்னும் செயலிடம் கொடுத்தால், அது 1 என்று எண்ணிச் சொல்லும்! தோல்வியையும் ஓர் உருப்படியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது அம்மொழி. 2017-இல் வந்த 7.2 பதிப்பில் எச்சரிக்கை தரத் தொடங்கி, 2020-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து பிழையென்று நிறுத்திவிடுகிறது. நல்ல மாற்றம் என்பேன்.

வெறுமை

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். நம் அட்டவணையில் 3 பேருக்குத் தந்தையின் கல்வி எழுதப்படவில்லை என்றேன். அந்தக் கட்டத்தில் இருப்பது சுழியம் அன்று, வெற்றெழுத்தும் அன்று. அங்கே மதிப்பே இல்லை. ஆங்கிலத்தில் இதனை 'நல்' என்பர். தமிழில் நல் என்றால் வேறு பொருள். ஆகவே வெறுமை என்றே குறிப்பிடுகிறேன்.

கவுண்ட்(*) என்று கேட்டால் 10 வரும். கவுண்ட்(தந்தைகல்வி) என்று கேட்டால் 7 வரும். அடைப்புக்குள் நிரலின் பெயரை எழுதினால், அந்நிரலில் மதிப்பு உள்ள நிரைகள் மட்டுமே எண்ணப்படும் என்பது விதி. கவுண்ட்(டிஸ்டிங்ட் தந்தைகல்வி) என்று கேட்டால் 2 வரும். பட்டம், பள்ளி என வேறுபட்ட மதிப்புகள் இரண்டே. மூன்றும் சரியான விடைகள். மூன்றும் வெவ்வேறு கேள்விகள். (கவுண்ட்(1) என்று எழுதினால் கவுண்ட்(*)-ஐ விட விரைவு என்று விடுதியில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அமைப்பில் இரண்டும் ஒன்றே. வேக வேறுபாடு கிடையாது.)

இதைவிட நுட்பமானது அடுத்து வருவது. தந்தை பட்டதாரியாக உள்ள மாணவர் எத்தனை பேர்? 'வேர் தந்தைகல்வி = பட்டம்' என்று கேட்கிறோம்; 2 என்று விடை வருகிறது. தந்தை பட்டதாரி அல்லாத மாணவர் எத்தனை பேர்? 'வேர் தந்தைகல்வி <> பட்டம்' என்று கேட்கிறோம். மொத்தம் 10, பட்டதாரியின் மக்கள் 2, எனவே 8 என்று நாம் எதிர்பார்க்கிறோம். தரவுத்தளமோ 5 என்கிறது.

எஞ்சிய மூவர் எங்கே போனார்கள்? நாம் அன்றாடம் பயன்படுத்தும் தருக்கத்தில் ஒரு கூற்று உண்மையாகும், அல்லது பொய்யாகும். எஸ்.கியூ.எல். மொழியிலோ 'தெரியாது' என்னும் மூன்றாவது நிலையும் உண்டு. வெறுமையை எதனோடு ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்பதே. 'வெறுமை என்பது பட்டமா?' தெரியாது. 'வெறுமை என்பது பட்டம் அல்லாததா?' அதுவும் தெரியாது. 'வேர்' என்னும் வாயில் உண்மை என்று விடை வந்த நிரைகளை மட்டுமே உள்ளே விடும். ஆகவே அம்மூவரும் இரண்டு கேள்விகளிலும் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். காட் அவர்களே 1979-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் இந்த மும்மதிப்புத் தருக்கத்தை விவாதித்திருக்கிறார். இது கணிப்பொறியின் பிழை அன்று. வகுத்த விதிப்படியே நடக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த நாளில் விண்ணப்பத்தில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்னும் கட்டத்தைப் பார்த்து, என்ன எழுதுவது என்று எங்கள் வீட்டில் யோசித்தோம். என் தந்தையார் பள்ளிக்குச் சென்றதில்லை. இறுதியில் அக்கட்டத்தை வெறுமையாகவே விட்டோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போல வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். சிலர் கோடு இழுத்திருக்கிறார்கள், சிலர் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். பட்டம் பெற்ற தந்தை உள்ளவர்களுள் அக்கட்டத்தை விட்டவர் ஒருவரையும் நான் காணவில்லை. அதாவது, வெறுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. எழுதுவதற்கு ஏதும் இல்லாதவர்கள் மீதே அது விழுகிறது. முதல் பட்டதாரிகளை எண்ணுவதற்காகவே ஒருவர் மேற்கண்ட வினாவை எழுதினால், யாரை எண்ண வந்தாரோ அவர்களுள் ஒரு பகுதியினரே கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். 8 பேருக்கு ஒதுக்க வேண்டிய தொகையை 5 பேருக்கு ஒதுக்கிவிட்டு, கணக்குச் சரியாக இருக்கிறது என்று கையெழுத்தும் இடலாம்.

சரி செய்வது கடினம் அன்று. 'வேர் தந்தைகல்வி <> பட்டம் ஆர் தந்தைகல்வி இஸ் நல்' என்று கேட்டால் 8 வந்துவிடும். வெறுமையைச் சமக்குறியிட்டுத் தேடலாகாது. 'இஸ் நல்' என்றே தேட வேண்டும்.

இதில் இணையதளத்திற்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இணையப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அனுப்பினால், புரோகிராமுக்கு வருவது வெறுமை அன்று. நீளம் சுழியமாக உள்ள வெற்றெழுத்துச் சரம். அதை அப்படியே சேமித்தால் மைஎஸ்கியூஎல் அதனை ஒரு மதிப்பாகவே கொள்ளும். நம் மூவருள் இருவருடைய விண்ணப்பம் தாளிலிருந்து பதியப்பட்டு வெறுமையாகவும், ஒருவருடையது இணையம் வழியே வந்து வெற்றெழுத்தாகவும் இருந்தால், கவுண்ட்(தந்தைகல்வி) 7-க்குப் பதிலாக 8 ஆகும். '<> பட்டம்' என்னும் வினாவுக்கு விடை 6 ஆகும். ஆரக்கிள் என்னும் தரவுத்தளமோ வெற்றெழுத்தையும் வெறுமை என்றே கருதுவது. நான் பார்த்த வரையில் இதற்கு ஒரே நல்ல வழி, படிவம் வந்து சேரும் இடத்திலேயே வெற்றெழுத்து, கோடு, 'இல்லை' ஆகிய எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதும், 'பள்ளி செல்லாதவர்' என்று தேர்ந்தெடுக்க ஒரு வரி தருவதும்தான். அந்த ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால் நாங்களும் அன்று யோசித்திருக்க மாட்டோம்.

ஆளா, விண்ணப்பமா?

இரண்டாவதாக 'விண்ணப்பம்' என்று ஓர் அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். பத்து மாணவருள் 6 பேர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். ஒருவர் 3 வகை உதவிக்கும், ஒருவர் 2 வகைக்கும், நால்வர் ஒவ்வொரு வகைக்கும் எழுதினார்கள். ஆக விண்ணப்பங்கள் 9. தாவரவியல் மாணவர் இருவரும் விண்ணப்பிக்கவில்லை. மற்றத் துறைகளிலும் இருவர் விண்ணப்பிக்கவில்லை.

இரு அட்டவணைகளையும் 'ஜாயின்' கட்டளையால் இணைத்துக் கவுண்ட்(*) கேட்டால் 9 வரும். மூன்று முறை விண்ணப்பித்தவரின் நிரை மூன்று முறை வந்து நிற்கும். "விண்ணப்பித்த மாணவர்கள் 9 பேர்" என்று அறிக்கையில் எழுதினால் அது பொய். மாணவர்களை அறியக் கவுண்ட்(டிஸ்டிங்ட் மாணவர்எண்) என்று கேட்க வேண்டும், 6 வரும்.

என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். இந்த வேறுபாட்டை அவரிடம் சொன்னபோது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றார். ஒரே மூட்டையை லாரியிலிருந்து இறக்கி வைத்து, பிறகு எடுத்து அட்டியில் அடுக்கினால், கூலிக் கணக்கில் அது இரண்டு. மண்டிக்காரரின் இருப்புக் கணக்கில் ஒன்று. இரண்டு கணக்கும் சரிதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் அன்று மாலை சண்டை வரும் என்றார். ஜாயின் கட்டளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

விண்ணப்பிக்காதவரையும் சேர்த்துப் பட்டியல் வேண்டுமெனில் 'லெஃப்ட் ஜாயின்' பயன்படும். அப்போது விண்ணப்பிக்காத நால்வருக்கும், விண்ணப்பப் பகுதி வெறுமையாக, ஒவ்வொரு நிரை வரும். மொத்த நிரைகள் 13. ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை விண்ணப்பம் என்று பிரித்துக் கவுண்ட்(*) கேட்டால், ஒன்றுகூட எழுதாத அந்நால்வருக்கும் 1 என்று காட்டும். கவுண்ட்(விண்ணப்பம்.எண்) என்று கேட்டால்தான் 0 வரும். சற்று முன்னர் நமக்குத் தொல்லை தந்த 'வெறுமையை எண்ணாதே' என்னும் அதே விதி இங்கே நமக்கு உதவிக்கு வருகிறது.

துறைவாரியாகத் தொகுக்கும் 'குரூப் பை' கட்டளையிலும் இத்தகைய மறைவு உண்டு. சாதாரண ஜாயினுடன் துறைவாரி விண்ணப்பங்களைக் கேட்டால் தமிழ், கணிதம், வேதியியல் என 3 நிரைகள் வரும். தாவரவியல் 0 என்று வராது. அத்துறையின் பெயரே பட்டியலில் இராது. படிப்பவர், நம் கல்லூரியில் மூன்று துறைகளே உள்ளன என்று எண்ணிக்கொள்வார். யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாக இருக்கும்போது, அச்செய்திதான் மறைகிறது.

பக்கமும் மொத்தமும்

தேடலில் 38 நிரைகள் கிடைத்தாலும் ஒரு பக்கத்தில் 10 மட்டுமே காட்டுவது வழக்கம். 'லிமிட் 10' என்னும் கட்டளையுடன் வந்த விடையை எண்ணினால் 10 என்றே வரும். நான்காம் பக்கத்தில் 8 வரும். மொத்தத்தை அறிய, அதே நிபந்தனைகளுடன் தனியே ஒரு கவுண்ட்(*) வினாவை அனுப்ப வேண்டும். இதற்கெனவே மைஎஸ்கியூஎல்லில் 'எஸ்கியூஎல் கால்க் ஃபவுண்ட் ரோஸ்' என்று ஒரு குறுக்கு வழி இருந்தது. 2019-இல் வெளிவந்த 8.0.17 பதிப்பிலிருந்து அதனைக் கைவிடுமாறு அந்நிறுவனமே அறிவுறுத்திவிட்டது. தனி வினாவே நல்லது என்பது அவர்கள் கருத்து. நிபந்தனையை ஒரு வினாவில் மாற்றி மற்றொன்றில் மாற்ற மறந்தால் 'பக்கம் 4' என்று அழுத்தியவருக்கு வெற்றுப் பக்கம் தோன்றும்.

அட்டவணையின் குறிப்பேட்டிலேயே நிரை எண்ணிக்கை எழுதியிருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். பழைய மைஐசாம் அமைப்பில் அவ்வெண் துல்லியமானது. இன்னோடிபி அமைப்பில் அது மதிப்பீடு மட்டுமே. உண்மை எண்ணிலிருந்து 40 முதல் 50 விழுக்காடு வரைகூட விலகலாம் என்று கையேடு எச்சரிக்கிறது. இன்னோடிபியில் பலர் ஒரே நேரத்தில் நிரைகளைச் சேர்த்தும் நீக்கியும் கொண்டிருப்பார்கள். அவரவர் வேலை முடிந்து உறுதி செய்யும்வரை அது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரே நொடியில் எண்ணும் இருவருக்கு இரு வேறு விடைகள் வரலாம். இரண்டும் அவரவர் நிலையில் சரியானவை. எனவே எல்லார்க்கும் பொதுவாக ஓர் எண்ணை எழுதி வைக்க அங்கே வழியில்லை.

மாற்றியது எத்தனை?

நிரைகளைத் திருத்தும் 'அப்டேட்' கட்டளைக்குப் பின், எத்தனை நிரைகள் மாறின என்று கேட்கலாம். மைஎஸ்கியூஎல் இங்கே ஒரு தனிப்போக்குடையது. நிபந்தனைக்குப் பொருந்திய நிரைகளை அது சொல்வதில்லை. மதிப்பு உண்மையிலேயே மாறிய நிரைகளை மட்டும் சொல்கிறது. முன்பிருந்த முகவரியையே மறுபடியும் எழுதினால் விடை 0. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமோ பொருந்திய நிரைகளை எண்ணி 1 என்று சொல்லும். இணைப்பை ஏற்படுத்தும்போது ஒரு குறிப்பு கொடுத்தால் மைஎஸ்கியூஎல்லும் பொருந்தியவற்றையே சொல்லும்.

என் தோழி ஒருத்தி உதவித்தொகை இணையதளம் ஒன்றில் விவரங்களைச் சேமித்துவிட்டு, நிறைவு பெறவில்லையோ என்ற ஐயத்தில் மீண்டும் ஒருமுறை அதே பொத்தானை அழுத்தினாள். "தங்கள் பதிவு காணப்படவில்லை" என்று வந்தது. அவள் அழுதுகொண்டே பிரவுசிங் சென்டருக்கு ஓடி, காசு கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி பதிந்தாள். முதல் பதிவு பத்திரமாக இருந்தது பின்னரே தெரிந்தது. உள்ளே நடந்தது இன்னதென்று வெளியிலிருந்து அறுதியிட முடியாது. ஆனால் 'மாறியவை 0' என்பதை 'இருப்பவை 0' என்று படித்த புரோகிராம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இருந்தால் திருத்து, இல்லையெனில் சேர் என்னும் இரட்டைக் கட்டளைக்கு விடை இன்னும் விந்தையானது. புதிதாகச் சேர்த்தால் 1, இருந்ததைத் திருத்தினால் 2, இருந்தது மாறாமலே இருந்தால் 0. ஒரே நிரைக்கு 2 என்று வருவதைக் கண்டு எங்கோ இன்னொரு நிரையும் திருத்தப்பட்டதோ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எண்ணி முடிப்பதற்குள்

ஒரு துறையில் 60 இடங்கள். 59 நிரம்பிவிட்டன என்று கொள்வோம். ஓர் இடத்திற்கு இருவர் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கிறார்கள். இருவர் சார்பிலும் புரோகிராம் கவுண்ட்(*) கேட்கிறது. இருவருக்கும் 59 என்றே விடை வருகிறது. 59 என்பது 60-ஐ விடக் குறைவு. ஆகவே இருவரையும் சேர்த்துவிடுகிறது. நிரைகள் 61 ஆகிவிட்டன. எண்ணியதில் பிழை இல்லை. எண்ணியதற்கும் எழுதியதற்கும் நடுவில் காலம் ஓடிவிட்டது. பிறகு ஒருவரை அழைத்து, உனக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வேறு கல்லூரியின் இடத்தையும் விட்டுவிட்டு வந்தவராக அவர் இருந்தால் அவர் நிலை என்ன?

இதற்கு எண்ணுவதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்கிவிட வேண்டும். துறைகள் அட்டவணையில் 'மீதி' என்று ஒரு நிரல் வைத்து, 'அப்டேட் துறை செட் மீதி = மீதி - 1 வேர் துறைஎண் = 4 அண்ட் மீதி > 0' என்று அனுப்பலாம். ஒரு நிரையை ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தரவுத்தளமே காத்திருக்க வைக்கும். அதன்பின் மாறிய நிரைகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். மீதி ஒன்று குறைந்திருப்பதால் மதிப்பு நிச்சயம் மாறியிருக்கும். மைஎஸ்கியூஎல்லின் தனிப்போக்கும் இங்கே குழப்பாது. 1 என்று வந்தால் இடம் கிடைத்தது. அதே பரிமாற்றத்திற்குள் மாணவர் நிரையைச் சேர்க்கலாம். 0 என்று வந்தால் இடம் முடிந்துவிட்டது என்பதை அவர் கட்டணம் செலுத்துவதற்கு முன்னரே திரையில் சொல்லிவிடலாம்.